படத்துக்கு மேலே ஓர் இறகு

வாஷிங்டன்

அன்புள்ள அப்பா,

முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

ஜனாதிபதி தன்னிச்சையாகப் போட்ட இறக்குமதி வரியை எதிர்க்கும் எங்கள் வழக்கு, நேற்று உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. வக்கீல்களுக்கு நினைவாகக் கொடுக்கும் வாத்து இறகுப் பேனாவை நான் எடுத்தபோது அரசு வக்கீல் சிரித்தார்.

"பத்திரமா வெச்சுக்கம்மா. உனக்கு மிஞ்சப்போறது இதுதான்."

"வரி போடுறது நாடாளுமன்றத்தோட வேலை சார். அவசரநிலைன்னு சொல்லிட்டா ஜனாதிபதி ராஜாவாயிடுவாரா?" என்றேன்.

உங்கள் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். இந்த அறை சூடாவதேயில்லை.

அந்த வரியால் நம் சைக்கிள் கடையில் பாதி அலமாரி காலி. ஆனாலும் கடைச் சுவரில் ஜனாதிபதியின் படம். அவருக்கு ஓட்டுப் போட்டவர் நீங்கள், எடுக்கச் சொல்லமாட்டேன். இறகை அனுப்புகிறேன். படத்துக்கு மேலே மாட்டுங்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் இறக்காதீர்கள்.

இன்று வேறொரு வழக்கு, நீதிமன்றத்துக்கு நேரமாகிறது.

உங்கள் பிடிவாதத்தைக் கொண்டு பிறந்த
இங்ரிட்