பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

இன்று எட்டு ஏற்புக் கடிதங்கள் அனுப்பினேன். எட்டிலும் அதே கடைசிப் பத்தி: "எங்கள் இதழில் வெளியான கீழ்க்கண்ட மூன்று கட்டுரைகளையும் தாங்கள் மேற்கோள் காட்டினால் வெளியீடு விரைவாகும்." படிக்க வேண்டுகோள் மாதிரி இருக்கும். இதுவரை ஒருவரும் அப்படி எடுத்துக்கொண்டதில்லை, மறுபேச்சில்லாமல் சேர்த்துவிடுகிறார்கள்.

கல்லூரியின் அறிவியல் இதழுக்கு நான் ஆசிரியர் ஆகி நான்கு வருடம். இந்தப் பத்தி கல்லூரிச் செயலர் குணசேகரன் சாரின் யோசனை, அதற்கு இரண்டு வயது. இதழின் மதிப்பைச் சொல்லும் இம்பாக்ட் ஃபாக்டர் ஒன்றும் பெரிய வித்தையில்லை. முந்தைய இரண்டு ஆண்டில் நாம் போட்ட கட்டுரைகளை இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வந்துவிடும். நமக்கு 1.81. கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். செயலர் படம் பெரிது, எண் அதைவிடப் பெரிது.

எந்த மூன்றைக் கொடுப்பது என்று கணிதத் துறை அரவிந்த்குமார் எக்செல் பார்த்துச் சொல்வார். எந்தக் கட்டுரை சீண்டுவாரில்லாமல் கிடக்கிறதோ அதற்கு முன்னுரிமை.

3 மார்ச், திங்கள்

திருத்திய கட்டுரைகள் வர ஆரம்பித்துவிட்டன. சிவரஞ்சனி என்று ஒரு ஆராய்ச்சி மாணவி, கட்டுமாவடிப் பெண், வேறு கல்லூரி. சின்னக் கண்ணி வலையில் குஞ்சு நண்டுகள் எவ்வளவு மாட்டுகின்றன என்று எழுதியிருக்கிறாள். ஜெகதாப்பட்டினத்தில் ஏலம் விடும் இடத்தில் ஐந்து மாதம் நின்று 1,412 நண்டுகளை அளந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்து இந்தக் கரையில் யாரும் இதைச் செய்ததில்லை.

அதன் நடுவில் ஒரு வாக்கியம்: "நண்டின் ஓடு மிகவும் உறுதியானது, உறுதி குறித்து கான்கிரீட் பற்றிய ஆய்வையும் காண்க."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அட்டெண்டர் இருளாயி எட்டிப் பார்த்தார். பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவளுக்கு நான் அனுப்பிய மூன்றில் இரண்டு, சிவில் துறையின் சிமெண்ட் கட்டுரைகள். சிரிப்பு போய்விட்டது. போன் செய்தேன்.

"தப்பா எழுதிட்டேனா மேடம்? சிமெண்டை எங்கிட்டு நுழைக்கிறதுன்னே தெரியல. அதான் ஓட்டுக்கிட்ட வச்சேன்."

ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே கூசியது.

"சேக்கலைன்னா போட மாட்டாங்கன்னு கைடு சொன்னாங்க. ஏப்ரலுக்குள்ள கட்டுரை வரணும் மேடம். இல்லைன்னா தீசிஸ் குடுக்க முடியாது."

மூன்றையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள், மார்ச் இதழில் வரும் என்றேன். நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள். இருபது வருடமாக விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். நண்டு ஓட்டுக்கு சிமெண்டைச் சாட்சி சொல்ல வைத்தவள் நான்தான்.

4 மார்ச்

மற்ற ஏழு பேருக்கும் எழுதிவிட்டேன். மூன்றையும் நீக்குங்கள், கட்டுரைக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் இருக்கட்டும் என்று.

அரவிந்த்குமார் மதியமே வந்து நின்றார். "ஒரு பொண்ணுக்குன்னா விட்டுரலாம் மேடம், யாருக்கும் தெரியாது. எட்டுப் பேருக்குமா?" என்றார். நம் கடிதம் கேட்டு வாங்கிய மேற்கோள்களைக் கழித்தால் எண் என்ன வரும் என்று கேட்டேன். அவர் மனக்கணக்காகவே சொன்னார். இரண்டு வருடக் கட்டுரை அறுபத்து நான்கு, மேற்கோள் நூற்றுப் பதினாறு. அதில் முப்பத்திரண்டு பேர் தலைக்கு மூன்று வீதம் போட்டது தொண்ணூற்றாறு. மிச்சம் இருபது.

"பூஜ்யம் புள்ளி மூணு ஒண்ணு," என்றார். கணக்கு அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

7 மார்ச், வெள்ளி

செயலர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"எல்லா ஜர்னலும் செய்யுறதுதாம்மா. நாம மட்டும் யோக்கியம்னு காட்டி என்னத்தக் கிழிக்கப் போறோம்?"

ஃபைலை மூடி வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அந்த நம்பரை வச்சுத்தான் இங்க முப்பது பேருக்குப் புரமோஷன் பாயிண்ட் வருது. நீங்களும் அதுல வந்தவங்கதான். பட்டியலோட மறுபடி லெட்டர் போடுங்க. இல்லைன்னா ஆசிரியர் பேரை மாத்த எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது."

"மாத்திக்கங்க சார். மார்ச் இதழ் என் பேர்லதான் வரும்," என்றேன். திருமயம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்னையே கேட்டுக்கொண்டேன் — என்னடி செஞ்சிட்டு வந்திருக்க, வீட்டு லோன் இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு, நெனச்சுப் பாத்தியா?

நினைத்துத்தான் பார்த்தேன். அந்த ஆள் சொன்னதில் ஒன்று உண்மை, நானும் அதில் வந்தவள்தான். அதுதான் பொறுக்க முடியவில்லை.

8 மார்ச்

பயமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

19 மார்ச், புதன்

தலையங்கம் எழுதி முடித்தேன். பதினோரு தடவை அடித்து எழுதியதில் இதுதான் நின்றது:

"இந்த இதழின் தாக்க எண் 1.81 என்று அறிவித்திருந்தோம். அதற்குக் காரணமான 116 மேற்கோள்களில் 96, கட்டுரையாளர்களிடம் நாங்களே கேட்டு வாங்கியவை. அந்தக் கடிதங்களை எழுதியவள் நான். அந்த எண்ணால் பதவி உயர்வு பெற்றவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் உண்மையான எண் 0.31. இனி கேட்க மாட்டோம்."

கடைசி வாக்கியம் மட்டும் உறுத்தியது. இனி இங்கே நான் யார், "மாட்டோம்" என்று சொல்ல? இருந்தாலும் விட்டுவிட்டேன். இணையதளக் கடவுச்சொல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சிவரஞ்சனியின் நண்டுகளை முதல் கட்டுரையாக வைத்து, இதழை நானே ஏற்றினேன். இந்த எண்ணைக் கணக்கிட்டுத் தரும் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். ஒளித்துச் செய்வதற்கு இது என்ன திருட்டா? திருட்டு இரண்டு வருடம் நடந்தது, அது முடிந்துவிட்டது.

24 மார்ச்

ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. வேதியியல் அமுதவல்லி மட்டும் முகத்துக்கு நேராகக் கேட்டாள்: "ஒனக்கென்ன, வாங்க வேண்டியத வாங்கிட்ட. எனக்கு இந்த வருஷம்தான் வரணும். எம் பாயிண்ட்டு போச்சே, அதுக்கு நீ பதில் சொல்லுவியா?"

அவள் கேட்டது நியாயம். அதற்காகத் தலையங்கத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

2 ஏப்ரல்

உத்தரவு வந்துவிட்டது. ஆசிரியர் பொறுப்பிலிருந்து விடுவிப்பு, "நிர்வாகக் காரணங்கள்." புது ஆசிரியர் அரவிந்த்குமார். எனக்குத் தேர்வு மேற்பார்வை, தகரக் கூரை ஹாலில், மே முடிய. பரவாயில்லை, வேர்வை சிந்தாதவளா நான்.

29 ஏப்ரல்

சிவரஞ்சனி தீசிஸ் கொடுத்துவிட்டாளாம். குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள்.

17 ஜூன், செவ்வாய்

நிறுவனத்திடமிருந்து கல்லூரிக்குக் கடிதம். இந்த ஆண்டு நம் இதழுக்கு எண் கிடையாது, அடுத்த ஓராண்டு கண்காணிப்பில் இருக்கும். வாசலில் ஃப்ளெக்ஸை அவிழ்த்துவிட்டார்கள், கயிறு மட்டும் தொங்குகிறது. ஆசிரியர் கூட்டத்தில் செயலர் என் பெயரைச் சொல்லாமல் அரை மணி நேரம் என்னைப் பற்றியே பேசினார். முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். எழுந்து போவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

8 ஜூலை, செவ்வாய்

மூன்று மாதமாகப் பேசாத அரவிந்த்குமார் இன்று ஆய்வகத்துக்கு வந்தார். கையில் செப்டம்பர் இதழுக்குத் தேர்வான கட்டுரைகளின் கோப்பு. மீன் ஜாடிகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"செயலர் திரும்பவும் பட்டியல் போடச் சொல்றாரு மேடம். ரெண்டு மூணு ஜர்னலைச் சேத்துக்கிட்டு, ஒருத்தர் கட்டுரைய இன்னொருத்தர் மாத்தி மாத்தி மேற்கோள் போட்டா யாரும் கண்டுபிடிக்க முடியாதுங்குறாரு."

கோப்பை மேசையில் வைத்தார்.

"இப்பத்தான் முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வாரேன்."

உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை.

"ஏற்புக் கடிதம் ஒண்ணு மாதிரி எழுதிக் குடுங்க மேடம். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தேடிட்டேன், ரெண்டு வருஷத்துக் கடிதம்தான் இருக்கு, பட்டியல் இல்லாதது ஒண்ணுகூட இல்ல."

அவர் நிற்கும்போதே எழுதினேன். தங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது, இந்த இதழில் வரும், நன்றி. மூன்று வரியில் முடிந்துவிட்டது.