ஒரு நாள் தாமதம்

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் அத்தான் சிறைக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. லாரியில் பிரேக் சரியில்லை என்று முதலாளியிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டவருக்கு, விபத்தில் ஆள் செத்ததற்கு ஆறு வருடம். ஓட்டச் சொன்ன முதலாளிக்கு ஒன்றுமில்லை. மேல்முறையீட்டையும் நேற்று தள்ளிவிட்டார்கள், ஒரு நாள் தாமதமாம்.

“ஆபீஸ் பக்கம் வந்துடாதக்கா, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க” என்றாயே, அதனால்தான் கடைசி நாளன்று மனுவோடு உன் வீட்டு வாசலில் மாலைவரை காத்திருந்தேன். நீ வரவில்லை. மறுநாள் கோர்ட்டில் நீ மனு வாங்கும் ஜன்னலில் நின்று, முந்தைய தேதியைப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அன்றைய தேதியைக் குத்தினாய். தூக்கி வளர்த்தவளுக்கு இதுதான் கைம்மாறா?

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். ஆனால் நான் மனு வாங்கும் எழுத்தர், நீதிபதி இல்லை. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் என்றால் முப்பது நாள். ஜன்னலுக்கு வெளியே நிற்பது யார் என்று பார்த்துத் தேதி போட்டால் அது நீதிமன்றமா, நம் வீட்டு அடுப்படியா? அத்தானின் பழைய இருமலுக்கு மாத்திரை அனுப்பியிருக்கிறேன்.

தம்பி

மார்ச் 26

தம்பி,

மாத்திரையைச் சிறை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் இருமினால் இப்போது ரத்தம் வருகிறது. ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். இத்தனை வருடத்தில் யாருக்குமே நீ பழைய தேதி போட்டதில்லையா?

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

இரண்டு வாரமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். போட்டிருக்கிறேன், இரண்டு முறை. பெரிய வக்கீல்களின் மனுக்கள். மேலதிகாரி கண்ணைக் காட்டினார், போட்டுவிட்டேன். அவர்கள் யாரோ, என்னைச் சந்தேகப்பட ஆளில்லை. உனக்குப் போட்டால் சொந்தக்காரிக்குச் செய்தான் என்று மாட்டிக்கொள்வேன். அந்தப் பயம்தான் அக்கா. சட்டமெல்லாம் பிறகு நானே சொல்லிக்கொண்டது. என் முகத்தைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

படித்ததும் இதைக் கிழித்துவிடு. வெளியே தெரிந்தால் வேலை போவதோடு நிற்காது, நானும் உள்ளே போக வேண்டியதுதான்.

தம்பி

ஏப்ரல் 16

மனுப் பிரிவு எழுத்தர் அவர்களுக்கு,

ஐயா,

தாமதத்தை மன்னித்து, என் கணவரின் மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கக் கோரும் மனு இத்துடன் உள்ளது. இதே அலுவலகத்தில் மற்றவர்களுக்குப் பழைய தேதி போடப்பட்டதற்கு ஆதாரமாக, ஏப்ரல் 9 அன்று நீங்கள் எழுதிய கடிதத்தை இணைத்திருக்கிறேன். கிழிக்கத்தான் எடுத்தேன். இரண்டு முறை எடுத்தும் மனம் வரவில்லை. அவர் அங்கே ரத்தம் துப்பிக்கொண்டிருக்கிறார்.

வரிசையில் நின்று நானே கொடுக்கிறேன். இன்றைய தேதியைப் போடுங்கள்.

இப்படிக்கு,
மனுதாரரின் மனைவி