வலது கோட்டோரம் என்னை நிறுத்தியவளுக்கு

மெல்பேர்னின் பொயிண்ட் குக்கில் என் மகன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நேற்றுக் காலை தன் வாசல் மரப் படலைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். மணம் மூக்கில் ஏறியதும் கையிலிருந்த துவாயை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். நீ எங்களை விட்டுப் போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. இவ்வளவு நாளும் உனக்கு ஒரு வரி எழுத வரவில்லை. அந்த எண்ணெய் மணம்தான் என்னை மேசையில் உட்கார வைத்தது.

தாதியர் விடுதியில் நம் அறைகளிலும் அதே மணம்தான் இருந்தது. விளையாட்டு மட்டைகளுக்கு எண்ணெய் பூசிச் சுவரில் சாய்த்து வைப்போம். விடுதிப் பொறுப்பாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது நர்ஸ் விடுதியா, தச்சுப் பட்டறையா?" என்று கேட்பார். நீ எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்துவிடுவாய்.

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு வந்தோம். நீ தைப்பிங், நான் கிள்ளான். இருவரின் அப்பாக்களும் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்குப் போனவர்கள் என்பதால் மலேசியாவில் பிறந்தும் நம் வாயில் வந்தது யாழ்ப்பாணப் பேச்சு. கொன்வென்ட் பள்ளியில் இருவருமே ஹொக்கி விளையாடியவர்கள். விடுதிப் புல்வெளியில் நாம் பந்தைத் தட்டிக்கொண்டிருந்ததை மாடியிலிருந்து பார்த்துவிட்டுத்தான் நோரா இறங்கி வந்தாள். அயர்லாந்துக்காரி, பிரசவ வார்டில் வேலை, வார்டு முழுக்கக் கேட்கும் குரல். "ஹொக்கி கிழவிகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை என்னோடு வாருங்கள்" என்றாள்.

அப்படித்தான் ஹர்லிங் என்ற ஐரிஷ் விளையாட்டு நம் வாழ்க்கைக்குள் வந்தது. பெண்கள் ஆடினால் அதற்குக் கமோகி என்று வேறு பெயர். அகலமான தட்டை முனையுள்ள மட்டை, சிறிய தோல் பந்து. பந்து தரையிலும் ஓடும், தலைக்கு மேலாலும் பறக்கும். தலைக்கவசம் என்று ஒன்றை அங்கே எவரும் போட்டு நான் பார்த்ததில்லை. மைதானத்தில் நம்மைத் தவிர எல்லாரும் ஐரிஷ் பெண்கள். தாதிகள், தட்டச்சுக்காரிகள், ஆசிரியைகள்.

அந்த வருடம் விக்டோரியாவுக்கு ஒரு மாநில அணி சேர்த்துச் சிட்னிக்குப் போய் நியூ சவுத் வேல்ஸோடு விளையாடுவது என்று முடிவானது. ஆட்கள் இருந்தார்கள். யார் எங்கே நிற்பது என்பதில்தான் சண்டை. அயர்லாந்தின் கோர்க் கவுண்டியில் பிறந்தவள் கோர்க்காரிகளை முன்னுக்குப் போடச் சொன்னாள். கில்கெனிக் கவுண்டிக்காரி அதைக் கேட்டுச் சிரித்தாள். கவுண்டி என்றால் அவர்கள் நாட்டில் மாவட்டம், நமக்கு ஊர்ப் பெயர் மாதிரி, விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கடைசியில் நோரா உன்னைக் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இங்கே எந்தக் கவுண்டியும் இல்லாதவள் இவள்தான். இவள் சொல்லும் இடத்தில் நில்லுங்கள்."

"நானும் கவுண்டி இல்லாதவள்தானே" என்றேன்.

"நீ அதிகம் பேசுகிறாய்" என்றாள் நோரா.

நீ அந்த வேலையைச் செய்த விதம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பந்து இருக்கும் பக்கம் நீ பார்ப்பதே இல்லை. பந்து மறுமுனையில் இருக்கும்போது ஒருத்தி என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பாய். "பந்தோட இருக்கேக்க எல்லாரும் கெட்டிக்காரியள்தான்" என்பாய். முன்வரிசையில் ஆடத் துடித்த ஒரு பாலர் வகுப்பு ஆசிரியையைக் கோல் காக்கப் போட்டாய். பந்து முகத்துக்கு நேரே வந்தாலும் அவள் கண் சிமிட்டவில்லை என்பது உன் காரணம். நோராவையே முன்னாலிருந்து எடுத்துப் பின்வரிசை நடுவில் நிறுத்தினாய். "உன்ரை சத்தம் அங்க நிண்டாத்தான் எல்லாருக்கும் கேக்கும்" என்பதை நீ எப்படி ஆங்கிலத்தில் சொன்னாயோ, அவள் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு அந்த இடத்தை விட்டு அசையச் சொன்னால் அடிக்க வந்தாள்.

என்னை மைதானத்தின் நடுவில் போட்டிருந்தாய். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு பயிற்சியில் பந்து என் வலது புருவத்தில் பட்டது. இரண்டு தையல் போட்டார்கள். வீக்கம் வற்றியதும் திரும்ப வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் பந்தைத் தவறவிட ஆரம்பித்தேன். கால் பழுதாகிவிட்டது, பயிற்சி போதவில்லை என்று எனக்கே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். நீ ஒரு ஞாயிறு என்னை இடது ஓரத்துக்கு மாற்றினாய். அங்கே நான் ஒரு பந்தைக்கூட ஒழுங்காக எடுக்கவில்லை. ஒருத்தி வலப்பக்கமாக வந்து மோதி என்னை விழுத்திவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு வலது ஓரத்துக்கு மாற்றினாய். அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து எதிரணிக்காரிகளே கை தட்டினார்கள்.

திரும்பி வரும் டிராமில் நான் சந்தோஷமாக இருந்தேன். நீ ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

"இனி வலதுதானே என்ரை இடம்?" என்று கேட்டேன்.

"இறங்கின உடனை குசினிக்கு வா" என்றாய்.

விடுதிக் குசினியில் சமையல் முடிந்து யாரும் இல்லை. என்னைக் கதிரையில் இருத்தி, நீ முன்னால் இன்னொரு கதிரையைப் போட்டு இருந்தாய். நீ கண் வார்டில் வேலை செய்கிறவள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இடக்கண்ணைப் பொத்து. என்ரை மூக்கையே பார். கை தெரியேக்க சொல்லு."

உன் கை என் வலப்பக்கத்திலிருந்து மெல்ல உள்ளே வந்ததாம். நான் உன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ சிரித்துக்கொண்டு நடந்து போனார்கள்.

"இன்னும் கையைத் தூக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

பிறகு உன் விரல்கள் திடீரென்று உன் கன்னத்துக்குப் பக்கத்தில் முளைத்தன.

"இவ்வளவு நேரமும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தனான்" என்றாய். "வலது கோட்டோட நிண்டா உனக்கு வலப்பக்கத்தாலை ஒருத்தரும் வர மாட்டினம். அதுதான் அங்க நல்லா விளையாடுறாய். நீ அங்க நல்லா விளையாடினதைப் பாக்கத்தான் எனக்குப் பயம் பிடிச்சது."

மின்னல் மாதிரி ஏதும் தெரிகிறதா என்று கேட்டாய். தெரிகிறது என்றேன். ஓரத்தில் ஒரு நிழல்? அதுவும் சில நாட்களாக இருந்தது. களைப்பு என்று விட்டிருந்தேன்.

"சிட்னி முடியட்டும். வந்து காட்டுறன்" என்றேன்.

"சிட்னிக்கு நீ இல்லை."

"அதை நீ ஆர் சொல்ல?"

"ஆர் எங்க நிக்கிறதெண்டு நான்தானே சொல்லுறன். உடுப்பை மாத்து, இப்பவே போறம்."

வைத்தியசாலைக்குப் போகும் வழி முழுக்க நான் உன்னோடு சண்டை பிடித்தேன். பொறாமை என்றுகூட ஒரு சொல் என் வாயில் வந்தது. நீ அதைக் கேட்டும் கேளாதது போல வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை ஓரத்திலிருந்து கழன்றுகொண்டு வருகிறது என்றார் டாக்டர். நடுவுக்கு இன்னும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நாள் விட்டிருந்தால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். நீ, "வலதிலை விட்டுப் பாத்தனான்" என்று என்னிடம் சொல்கிற மாதிரியே தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் விளக்கினாய். அப்போதுதான் நீயும் பயந்து போயிருக்கிறாய் என்று எனக்கு விளங்கியது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல் பை வைத்துக் கிடத்தினார்கள். அந்த நாட்களில் அப்படித்தான். நீங்கள் எல்லாரும் சிட்னிக்கு ரயில் ஏறினீர்கள். நான் இருட்டில் கிடந்து யார் எங்கே நிற்பார்கள் என்று மனதுக்குள் ஒவ்வொருத்தியாக நிறுத்திப் பார்த்தேன். வலது ஓரத்தில் மட்டும் யாரையும் நிறுத்த மனம் வரவில்லை.

திரும்பி வந்த நீ ஸ்டேஷனிலிருந்து நேரே என் கட்டிலுக்கு வந்தாய். பெட்டியை நிலத்தில் வைத்த சத்தம் கேட்டது.

"தோத்துப் போனம்" என்றாய். "ஒரு கோலாலை."

"வலது பக்கம் ஆர்?"

"அந்தத் தட்டச்சுப் பிள்ளை. பயந்திட்டாள், பாவம். நல்ல பந்து ரெண்டு விட்டிட்டாள்."

பிறகு நான் கேட்டேன்: "நான் நிண்டிருந்தா?"

நீ பொய் சொல்லி ஆறுதல் தருகிறவள் அல்ல. "வெண்டிருப்பம்" என்றாய். "நீ வெண்டிட்டு வந்து குருடியாக் கிடந்திருப்பாய்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது, தலை அசையும் என்று நீ என் நெற்றியை அழுத்திப் பிடித்தாய். உன் கை ரயில் கம்பி மணத்தது. பிறகு மைதானத்தின் ஒவ்வொரு இடத்தையும் சொல்லிக்கொண்டு வந்தாய். பாலர் வகுப்பு ஆசிரியை கோலில் நின்ற விதம், நோராவின் குரல் சிட்னிக்காரிகளுக்கே கட்டளை போட்டது, எல்லாம். ஒரு கோலால் தோற்ற ஆட்டத்தை அவ்வளவு விரிவாக நான் பிறகு எங்கும் கேட்டதில்லை.

கட்டு அவிழ்த்தபோது கண் இருந்தது. வலது ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் திரும்பி வரவே இல்லை. மட்டையைத் தொடக் கூடாது என்றார்கள். அடுத்த பருவத்தில் நீ எனக்கும் ஒரு மடக்குக் கதிரை கொண்டுவந்து கோட்டுக்கு வெளியே போட்டாய். இருவரும் இருந்து ஆட்களுக்கு இடம் தேடினோம். அடிக்கடி சண்டை பிடித்தோம். பெரும்பாலும் நீதான் சரி. சில சமயம் நானும்.

நோரா ஊருக்குத் திரும்பிப் போனாள். நீ கலியாணம் முடித்துச் சிட்னிக்குப் போனாய், ஸ்ட்ராத்ஃபீல்டில் வீடு வாங்கினாய். நான் வார்டுப் பொறுப்புத் தாதியானேன். யாரை இரவு வேலைக்குப் போடுவது, யாரைக் குழந்தைகளிடம் விடுவது என்று பார்க்கும்போதெல்லாம் கை சும்மா இருக்கிற நேரத்தில் ஒருத்தி என்ன செய்கிறாள் என்றுதான் கவனித்தேன். ஒருத்திக்கும் காரணம் சொன்னதில்லை. உன்னைப் போலவே திட்டும் வாங்கினேன்.

உன்னோடு எங்கே நடந்தாலும் நீ என் வலப்பக்கத்தில்தான் வருவாய். ரோட்டைக் கடந்தாலும், கோயில் வீதி சுற்றினாலும், பேச்சை நிறுத்தாமலே சுற்றி வந்து அந்தப் பக்கம் சேர்ந்துகொள்வாய். நான் கேட்டதும் இல்லை, நீ சொன்னதும் இல்லை. போன வருடம் உனக்கு நடக்கவே முடியாமல் இருந்தபோதும் ஊன்றுகோலோடு அரக்கி அரக்கி அந்தப் பக்கம் வந்தாய். "இந்தப் பக்கமே இரன்" என்றேன். "நீ பேசாமல் வா" என்றாய்.

உன் இறுதிச் சடங்குக்குச் சிட்னிக்கு வந்தேன். மண்டபத்தில் சரியான சனம். வலப்பக்கத்தால் யார் யாரோ வந்து தோளைத் தொட, ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டேன். என் மகன் முன்வரிசையில் இடம் பிடித்து வைத்துக் கை காட்டினான். நான் போகவில்லை. வலது சுவரோடு ஒட்டிப் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. உன் மகள், பேரப்பிள்ளைகள், மலர்கள், உன் முகம்.