கோசே அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னாள்

அன்பு மகள் சிஹோவுக்கு அப்பா எழுதுவது. நான், அம்மா, கோசே அத்தை மூவரும் உடம்பளவில் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சாவோ பாவ்லோவில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். உடம்பளவில் என்று எழுதினேனே தவிர மனசு ஒரு நிலையில் இல்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை, அம்மா வேறு, ஒண்ணு உக்காந்து எழுதுங்க, இல்ல போய் ஆட்டுக்குப் புல்லாவது அறுங்க என்று விரட்டுகிறாள். தெற்குக் கடலில் இன்னொரு புயல் கிளம்பியிருப்பதாக ரேடியோவில் சொல்கிறார்கள், ஜன்னல்களுக்குப் பலகை அடிக்க வேண்டும், அதையும் செய்யவில்லை.

அத்தையின் தொண்ணூற்றேழாம் வயதுக் காற்றாடி விழா எப்படி நடந்தது, போட்டோ எங்கே என்று கேட்டிருந்தாய். போட்டோ இன்னும் கழுவி வரவில்லை. விழா நடந்தது, ஆனால் நாங்கள் நினைத்த மாதிரி நடக்கவில்லை. ஒரு வாரம் முன்பே ஊர்த் தலைவர் கின்ஜோ வந்து திறந்த கார், பூ, கலர் கலராய்க் காற்றாடி, சன்ஷின் தந்தி மீட்ட ஆட்கள் என்று எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கிளம்பும்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள். ஊர்வலம் ஆத்துக்கு அந்தப் பக்கம் நோபுகோ வீட்டு வழியாப் போகணும், இல்லேன்னா நான் வண்டியில ஏற மாட்டேன் என்றாள். கின்ஜோவுக்கு முகம் விழுந்துவிட்டது. அவங்க கதவச் சாத்திக்கிட்டா ஊரே பாக்குமே அத்தை என்றார். பாக்கட்டும், வெக்கப்படுற வயசெல்லாம் எனக்கு எப்பவோ முடிஞ்சு போச்சு என்றாள் இவள்.

நோபுகோ விஷயம் நீ பாதி கேட்டிருப்பாய், முழுதாக எழுதுகிறேன். போரின்போது கப்பல்கள் கடலிலிருந்து குண்டு போட, அத்தை என்னை முதுகில் கட்டிக்கொண்டு வடக்கு மலைக்கு ஓடினாள். எனக்கு அப்போது நினைவு தெரியாது. பக்கத்து வீட்டு நோபுகோவும் அவள் அம்மாவும் கூட வந்தார்கள். வழியில் அந்த அம்மாளுக்குக் காலில் அடிபட்டு நடக்க முடியாமல் போய்விட்டதாம். அவளை அங்கேயே விட்டுவிட்டுத்தான் அத்தை எங்கள் இருவரோடும் மேலே ஏறியிருக்கிறாள். நோபுகோவுக்கு எட்டு வயது. அம்மாவைத் திரும்பிப் பார்க்கப் போனவளின் தலையை அத்தை இறுகப் பிடித்து முன்பக்கமே திருப்பித் தள்ளிக்கொண்டு போனாளாம். போர் முடிந்து, நோபுகோ சித்தப்பா வீட்டில் வளர்ந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கமே வாழ்க்கைப்பட்டு, இன்று பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்டாள், அத்தையோடு மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடையில் அத்தை நின்றால் வாங்க வந்ததை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள்.

விழாவன்று காலையில் மழை விட்டிருந்தது. அத்தை சிவப்புக் கையில்லாச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையில் சுழலும் காற்றாடியோடு காரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அழகாக இருந்தாள் சிஹோ, நீ பார்த்திருக்க வேண்டும். நீண்ட ஆயுளில் தங்களுக்கும் கொஞ்சம் ஒட்டட்டும் என்று ஊரே அவள் கையைத் தொட வந்தது. நம் மீன்காரன் ஷோடேன் மறுபடியும் வரிசையில் வந்து நிற்க, இப்பத்தானேடா வாங்கிட்டுப் போன, மத்தவங்களுக்கு மிச்சம் வையி என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, பாலத்தைத் தாண்டினால் அடுத்தது நோபுகோ வீடு.

வீட்டின் ஜன்னல் பலகைகள் எல்லாம் சாத்தியிருந்தன. அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னாள். வாசிப்பையும் நிறுத்தச் சொன்னாள். அத்தனை பேரும் தெருவில் நிற்கிறோம். போயிடலாமா அத்தை என்று குனிந்து கேட்டேன், சும்மா இருடா என்றாள். நோபுகோ வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை, பின்பக்கத் தோட்டத்திலிருந்து மண் ஒட்டிய கையுறையோடு நேராகக் கார் அருகில் வந்தாள். எங்கம்மாவ நான் ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும், ஏன் என் தலையப் புடிச்ச என்று கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. அத்தை, உங்கம்மாதான் புடிக்கச் சொன்னா என்றாள். அவளுக்கு அடி கால்ல இல்ல, கழுத்துல, ரத்தம் நிக்கல, புள்ள இதப் பாத்தா இங்கேருந்து நகர மாட்டா, அவ முகத்த அந்தப் பக்கம் திருப்பிட்டுக் கூட்டிட்டுப் போன்னு சொன்னா, காலுன்னு உங்கிட்டச் சொன்னதும் அவதான் என்றாள். நோபுகோ கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள், வந்த வழியே தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு என்ன விழா. மண்டபத்தில் ஆட்டுச் சூப்பு ஆறிப் போயிற்று, அத்தை தொடவேயில்லை. நல்ல நாளும் அதுவுமா ஊர் முன்னாடி இதப் பேசணுமா என்று உன் அம்மா என்னிடம் பொரிந்து தள்ளினாள். வீட்டுக்கு வந்து நான் அத்தையிடம் கேட்டேன், இத்தனை வருஷம் ஏன் சொல்லல என்று. சொல்லியிருந்தா அந்தக் கோவத்த அவ அம்மா மேல காட்டியிருப்பா, செத்தவ பாவம் பதில் சொல்ல முடியுமா, நான் உசிரோடதானே இருந்தேன், எம்மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன் என்றாள். அப்ப இப்ப மட்டும் ஏன் என்றேன். இப்ப அவளே கேட்டாளேடா என்றாள். சொன்னது சரியா தப்பா என்று அவளுக்கும் தெரியவில்லை. அடுத்த நாட்களில் ரோட்டைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள், கஞ்சி வைத்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, விழா முடிஞ்சுது, இனி மேலேருந்து கூப்பிட்டாப் போக வேண்டியதுதான் என்று ஒரு நாள் சொன்னாள்.

போன சனிக்கிழமை நோபுகோ வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, எந்த எடம், எனக்குக் காட்டு என்றாள். மறுநாளே என் வண்டியில் போனோம். மலையில் இப்போது தார் ரோடு, வெட்டிய சரிவு, புதுக்காடு. அத்தை மூன்று இடத்தில் இறங்கி, தடியை ஊன்றிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இந்த மரத்தடிதான் என்று ஏதாவது ஒன்றைக் காட்டிவிட மாட்டாளா, எல்லோரும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாமே என்று நான் தவித்தேன். அவள் நோபுகோவைப் பார்த்து, தெரியலம்மா, பொய் சொல்ல எனக்கு வாய் வரல என்றாள். நோபுகோ காட்டைப் பார்த்து அம்மா என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டாள். வயதான பெண்ணின் குரல் மாதிரியே இல்லை. அப்புறம் அத்தையின் கையைப் பிடித்துக் காரில் ஏற்றி, அடுத்த ஞாயித்துக்கிழம அந்தப் பக்கச் சரிவுல பாப்போம், கெடைக்கிற வரைக்கும் வருவோம் என்றாள். கெடைக்கிற வரைக்கும்னா நான் இருக்கணுமேடி என்றாள் அத்தை. இரு, வேற என்ன வேலை உனக்கு என்றாள் நோபுகோ. அன்று மதியம் அத்தை இரண்டு கிண்ணம் சோறும் பன்றிக்கறியும் சாப்பிட்டாள், வழுக்காத அடி உள்ள ஷூ வேண்டும் என்று என்னை நாஹா கடைத்தெருவுக்கு விரட்டியிருக்கிறாள். இந்த வயதில் மலைச்சரிவில் ஷூ போட்டுக்கொண்டு ஏறுவதாவது, விழுந்தால் யார் பதில் சொல்வது, ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், காப்பியைக் குறை, மாப்பிள்ளையிடம் கோபம் வந்தால் அன்றைக்கே பேசித் தீர்த்துக்கொள். கோசே அத்தையின் வயதில் உனக்கும் ஒரு பங்கு சேரட்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். ஒன்று மறக்காதே, இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோன் செய்யாதே, வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அப்பா, மோரியோ