குருத்தழுகிய மாரி

8 நவம்பர் 1967, புதன்

விடியலிலிருந்தே மழை. எங்கள் ஊர் தன்னாமுனையில் பஸ் பிந்திவிட்டது. பயிர்நோய் ஆய்வுகூடத்துக்குள் காலை வைத்ததுமே நாற்றம். மேசையில் ஈரச் சாக்கு. அதற்குள் ஏறாவூரிலிருந்து வந்த தென்னங்குருத்து. அதன் நடு இலையை மெல்ல இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அடி கூழாகிச் செத்த எலி போல மணத்தது.

ஒரு துண்டை வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்தேன். பற்றீரியா. அந்தக் கிருமி மொய்க்கிறது.

பொறுப்பதிகாரி நல்லரத்தினம் சேர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். "பற்றீரியாதானே, மிஸ்?"

"இருக்கு சேர். ஆனா அழுகின எதிலயும் அது இருக்கும். அதுதான் மரத்தக் கொல்லுதெண்டு இன்னும் சொல்லேலாது."

"மாரி தொடங்கிட்டுது. எப்ப சொல்லுவீங்க?"



10 நவம்பர், வெள்ளி

ஏறாவூருக்குப் போனோம். வாவிக் கரையோடு ஒட்டிய தென்னை வளவு. ஸாலிஹா என்ற விதவைக்குச் சொந்தமானது. ஓலைக் கிடுகு பின்னியும் தேங்காய் விற்றும் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறார். மூன்று மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. நான்காவதின் குருத்து சாய்ந்துவிட்டது.

சேர் சுற்றிப் பார்த்துவிட்டு, பற்றீரியா என்று உறுதியானால் இந்த வளவும் அயல் வளவுகளும் கரை வரைக்கும் வெட்டி எரிக்கப்பட வேண்டும் என்றார். அந்த அம்மாவின் முன்னாலேயே சொன்னார்.

ஸாலிஹா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "புள்ள, நீங்கதானா சோதிக்கிற? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இதுகள் போனா எங்களுக்கு என்ன இரிக்கி?"

என் ஒரு சொல்லிலா ஒரு ஊரின் மரங்கள் தொங்குகின்றன? நான் படித்தது இதற்கா?

13 நவம்பர், திங்கள்

சோதித்துப் பார்க்கச் சேரிடம் தவணை கேட்டேன். தொட்டிகளில் நல்ல தென்னம்பிள்ளைகளை வைத்து, சிலவற்றின் குருத்தில் அந்தப் பற்றீரியாவை ஏற்றினேன். சிலவற்றுக்கு வெறும் தண்ணீர். நோய்ப்பட்ட தசைக்கும் நல்ல தசைக்கும் நடுவிலிருந்து எடுத்த துண்டில் வெள்ளை நூல் போல ஒரு பங்கசு, ஒருவகைப் பூஞ்சணம், வளர்ந்திருந்தது. அதையும் சிலவற்றில் வைத்தேன். எது வாடுகிறதோ அதுதான் குற்றவாளி. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சேர் தவணைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். பேனையை மூடிக்கொண்டே, "இதுக்குள்ள வாவிக்கரை முழுக்கப் பரவினா அதுக்கு நீங்கதான் பதில், மிஸ்" என்றார்.

ஓம் என்றேன். 

14 நவம்பர்

சோறு இறங்கவில்லை.

21 நவம்பர், செவ்வாய்

கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிகிறது. கூடத்துச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வேறு செருப்பில் வருகிறேன். அப்படியும் வீட்டில் தென்னைகளுக்குக் கீழால் நடக்கப் பயம். வேலியோரமாகச் சுற்றி வந்தேன்.

அண்ணன் மனைவி மக்டலின் மச்சாள் கண்டுவிட்டார். "என்ன மச்சாள், சேற்றுக்குள்ளால சுத்தி வாறீங்க?"

அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. சிறில் அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார். பற்றீரியா என்றால் சுற்றி நிற்பதையெல்லாம் வெட்ட வேண்டும், மழைத்தண்ணீரோடும் பரவும், கத்தியோடும் பரவும் என்று நான்தான் சொன்னேன். அண்ணன் வெளியே போய் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

26 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது அடுத்த வளவுக்காரர் யோசேப், என் அண்ணனை மறித்தார். "சிறில், உங்கட தங்கச்சி அந்தச் சீக்க உடுப்போட ஊருக்குள்ள கொண்டாறாவாம். எங்கட மரத்துக்கு வந்தா ஆர் பொறுப்பு?"

அண்ணன் கோபிக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கிணற்றடித் தென்னையில் குருத்து ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கு. ஐயோ மாதாவே. நானா கொண்டந்தன்? செருப்ப மாத்தினனே, கையக் கழுவினனே. தலைமயிருக்குள்ளயா? பையிலயா? ஏறிப் பார்க்க ஆளில்லை, மரம் வழுக்குகிறது. அண்ணனும் அதைக் கண்டுவிட்டார்.

29 நவம்பர், புதன்

ஸாலிஹா நனைந்தபடி கூடத்துக்கு வந்தார். இன்னும் இரண்டு மரம் சாய்ந்துவிட்டதாம்.

"வெட்டுறதெண்டா வெட்டுங்க புள்ள. பக்கத்து ஊட்டாக்கள் என்னோட கதைக்கிறல்ல. என்னாலதான் அவங்கட மரமும் போகப் போவுதாம்."

தொட்டிகள் எல்லாமே பச்சையாக நிற்கின்றன. எதுவுமே வாடவில்லை. ஒரு சொல் போதும்: 'பற்றீரியா.' சேர் சந்தோசப்படுவார், இந்த அம்மாவின் தவிப்பும் ஒரு வழியாக முடியும், நானும் நித்திரை கொள்வேன்.

"கொஞ்சம் பொறுங்க உம்மா" என்றேன். ஏன் சொன்னேன்? பிழையாகப் போனால்?

9 டிசம்பர், சனி

வேலை முடிந்து வந்து படலையைத் திறந்தால் வளவு வெளித்துக் கிடந்தது. எங்கள் வீட்டுக் கூரை ரோட்டிலிருந்தே தெரிகிறது. மரங்கள் எல்லாம் நிலத்தில். அண்ணன் கோடரிக்காரரோடு நின்று மட்டைகளை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ண செய்தீங்க?"

"நீதானே சொன்னாய், சுத்தி நிக்கிறதெல்லாம் போகணுமெண்டு. ஆரும் வந்து வெட்டுறதுக்கு முதல் நாமளே வெட்டினாப் போச்சு. இனி உன்னை ஒருத்தனும் ஒண்டும் சொல்லமாட்டான்."

மச்சாள் குசினிக்குள் அழுதுகொண்டிருந்தார்.

கிணற்றடி மரத்தின் தலையைத் தேடிப்போய்ப் பார்த்தேன். குருத்தின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கருவண்டு குடைந்திருக்கிறது. சுற்றிலும் வெள்ளைவெளேரென்ற நல்ல தசை. அழுகலில்லை, மணமில்லை. மற்ற மரங்களையும் ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தேன். ஒன்றிலும் நோயில்லை.

அண்ணனிடம் சொல்லவில்லை. 

10 டிசம்பர்

இன்றும் சொல்லவில்லை.

18 டிசம்பர், திங்கள்

பங்கசு வைத்த தென்னம்பிள்ளைகள் எல்லாம் சாய்ந்துவிட்டன. முந்தாநாள் ஒன்று, இன்று மிச்சம். சேரைக் கூப்பிட்டேன். அவரே குனிந்து ஒரு குருத்தை இழுத்தார். கையோடு வந்தது. அதே கூழ், அதே மணம். முந்தாநாள் சாய்ந்ததிலிருந்து வளர்த்துப் பார்த்ததிலும் அதே வெள்ளை நூல்கள். பற்றீரியா ஏற்றியவை புது இலை விட்டுக்கொண்டு நிற்கின்றன. அது செத்ததைத் தின்ன வந்த கூட்டம், கொன்றது அதுவல்ல.

சேர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப பங்கசெண்டா, சீக்குப் பட்டதுகள மட்டும் எடுத்தாப் போதும். மத்ததுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சு மர வட்டுக்குள்ள, குருத்தடியில ஊத்தலாம்" என்றார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "நீங்க அசையாம நிண்டீங்க மிஸ். நான் எண்டா வெட்டியிருப்பன்" என்றார்.

சந்தோசம் வரவில்லை. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொல்ல வேண்டும்.

19 டிசம்பர், செவ்வாய்

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். வண்டையும் சொன்னேன், பங்கசையும் சொன்னேன். எங்கள் மரங்கள் ஒன்றுக்கும் நோய் இருக்கவில்லை என்பதையும் சொன்னேன். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "அந்த ஏறாவூர்ப் பொம்பிளையிட மரமெல்லாம் நிக்குமா?"

"நிக்கும் அண்ண. மருந்து ஊத்துறாங்க."

"சரி" என்று எழும்பிப் போனார். கிணற்றடியில் முகம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

14 ஜனவரி 1968

மச்சாள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஏறாவூரில் புதிதாக ஒரு மரமும் சாயவில்லை. போகும்போதெல்லாம் பயந்து பயந்துதான் அண்ணாந்து பார்க்கிறேன்.

23 மார்ச் 1968, சனி

எங்கள் மரங்கள் போன விசயம் ஸாலிஹாவுக்கு எப்படியோ எட்டியிருக்கிறது. போன கிழமை கூடத்து வாசலில் வைத்து, "அண்ணனக் கூட்டிட்டு வாங்க புள்ள" என்று மட்டும் சொன்னார். இன்று போனோம். விதைத் தேங்காய் தயாராக இருந்தது. விழுந்த காய் ஒன்றுமில்லை. நல்ல மரமாகப் பார்த்து ஆள் ஏற்றி, குலையைக் கயிற்றில் கட்டி இறக்கியிருந்தார். அண்ணன் வேண்டாம் என்றார். ஸாலிஹா கேட்கவில்லை.

பின்னேரம் அண்ணன் வளவில் மண்ணைக் கொத்தி நாற்றுமேடை போட்டார். மச்சாள் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றார். தேங்காய்களைப் புதைக்கப் போன அண்ணன் நிறுத்தி, என்னைக் கூப்பிட்டார்.

"நீ பாத்துச் சொல்லு."

"நானா?"

"வேற ஆரு?"

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினார். காம்பைப் பார்த்தேன், முகர்ந்தேன், உலுக்கிப் பார்த்தேன்.  ஒவ்வொன்றுக்கும் நான் ஓம் என்ற பிறகுதான் அதை மண்ணுக்குள் வைத்தார்.