புகையிலைத் தண்ணீர்

இன்று காலை ஆரியசாலைச் சரக்குக் கிட்டங்கி வாசலில், காரில் ஏறுமுன் குப்பியின் தக்கையைப் பிடுங்கி மோந்து பார்த்தேன். புது டிரைவர் சிரித்தான். "சாராயம் ஒண்ணும் இல்ல சாரே, கண்ணாடி தொடைக்கத் தண்ணியாக்கும்." அவனிடம் என்ன சொல்ல? இந்த வாடைக்குப் பன்னிரண்டு வருஷமாக நான் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது வே. ஆனாலும் விட முடியவில்லை.

அந்தக் குப்பி, பழைய டிரைவரான உம்முடைய ஏற்பாடு. வைப்பர் உருப்படியாக ஓடாத பொன்முடி எஸ்டேட் காருக்கு மழைக்காலத்தில் அது இல்லாமல் முடியாது. இரண்டு விரல் அகலப் புகையிலையை இரவெல்லாம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை முன்கண்ணாடியில் ஊற்றித் துடைத்தால் மழை ஒட்டாமல் வழிந்து ஓடும். என்ஜினும் டயரும் உம் பொறுப்பு, குப்பி என் பொறுப்பு. நான் எஸ்டேட் குமாஸ்தா, வாரம் ஒருமுறை உம் பக்கத்தில் உட்கார்ந்து மலையேறுகிறவன். கிளம்புமுன் தவறாமல் கேட்பீர்: "குப்பி பாத்தீரா வே?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின அந்த எடவப்பாதி மழையில் மூன்று நாளாக எனக்குச் சரியான தூக்கமில்லை. அரிசி மூட்டை ஏற்றி முடிவதற்குள் உடம்பு கழன்றுவிட்டது. குப்பிக்கென்று வாங்கிய புகையிலையை முந்தின நாள் சாயங்காலமே வெற்றிலையோடு வாயில் போட்டுக்கொண்டேன். காலையில் மிச்சத்தையும் போட்டேன். இன்னொரு துண்டு வாங்கத் தெருவைத் தாண்ட வேண்டும், கொட்டுகிற மழை. குழாயடியில் வெறும் தண்ணீரைப் பிடித்துத் தக்கையை அடைத்தேன்.

"குப்பி பாத்தீரா வே?"

"நெறஞ்சிருக்கு."

பொய் இல்லை பாரும். நிறைந்துதான் இருந்தது.

மலையில், மேல் வளைவுக்குக் கீழே, மழை கண்ணாடியை மூடிவிட்டது. ஜன்னல் வழியே கையை நீட்டிக் குப்பியை ஊற்றினீர். மழை வழிந்து ஓடவில்லை. குப்பியை மூக்கருகே கொண்டுபோனீர். பிறகு என் முகத்தைப் பார்த்தீர். என் கடைவாயில் புகையிலை உப்பியிருந்தது. அந்த ஏற்றத்தில் பாரத்தோடு நிறுத்தினால் வண்டி பின்னால் வழுக்கும், வளைவைத் தாண்டித்தான் சமதரை. தலையை வெளியே நீட்டி ஓட்டினீர். வளைவில் சாய்ந்து கிடந்த ஈற்றை மூங்கில் உம் வலது கண்ணில் அடித்தது. வண்டியைச் சமதரையில் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் கண்ணைப் பொத்தினீர்.

ஆஸ்பத்திரியில் எஸ்டேட் துரை வந்து கேட்டார். நான் கட்டிலோரம்தான் நின்றேன். "எங் கவனக்கொறவாக்கும் சார்" என்றீர். நான் வாயைத் திறக்கவில்லை. கண் போயிற்று, லைசென்ஸும் போயிற்று. வண்டி ஓட்டிய மனிதர் கிட்டங்கி வாசலில் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தீர். வாரா வாரம் உம்மைத் தாண்டித்தான் நான் காரில் ஏறினேன். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடுவோம் என்று வருவேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவேன்.

ஒருநாள் நீராகவே கேட்டீர்.

"வெத்தல போடுறத விட்டுட்டீராமே?"

"ஆமா வே."

"எதுக்கு?"

"பல்லு வலி."

ஒற்றைக் கண்ணால் என்னை ரொம்ப நேரம் பார்த்தீர். "பல்லுவலின்னா கஷ்டந்தான்" என்று சொல்லி, தலையைத் திருப்பிக்கொண்டீர். எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டீர் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. அடுத்த வாரமும் நான் மழையைப் பற்றித்தான் பேசினேன்.

போன மாதம் நீர் போய்விட்டதாகப் பொன்முடிக்குச் சேதி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. இன்று உம் ஸ்டூலில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். குப்பியில் வாடை காரமாக இருந்தது, சரி என்று ஏறிக்கொண்டேன். சட்டைப் பையில் எப்போதும்போல ஒரு துண்டுப் புகையிலை, குப்பிக்கு மறந்துவிட்டால் போட. அதை நான் கடித்ததில்லை.

எனக்குப் பல்வலி ஒருநாளும் இருந்ததில்லை வே.