உன் டேங்கின் டிராக் அறுந்துவிட்டது, ஜமால்

என் பிரியமுள்ள மச்சான் ஜமாலுக்கு,

அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் டேங்கின் இடது டிராக் அறுந்துவிட்டது. கோபப்படாதே. முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படு.

மற்றவர்களும் இதைப் படிக்கப் போவதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். ராணுவத்தில் தேசிய சேவை செய்த காலத்தில் நாம் இருவரும் ஒரே டேங்கில் இருந்தோம். ஓட்டியவன் நீ, குறி பார்த்தவன் நான். ஒரு மழை நாளில் லிம் சூ காங் பயிற்சிக் காட்டுச் சேற்றில் திரும்பும்போது, சக்கரங்களைச் சுற்றி ஓடும் அந்த இரும்புப் பட்டை, நம் வாயில் எப்போதும் ‘டிராக்’, கழன்று விழுந்தது. கடப்பாரையும் சம்மட்டியுமாகப் பிற்பகல் முழுக்க அதை இழுத்து மாட்டினோம். முழங்கால் சேற்றில் நின்றபடி நீ சொன்னாய்: “மச்சான், வீட்டுல நான் ஒரு டம்ளர்கூட கழுவினதில்ல லா. இங்க பாரு, டேங்க் கழுவுறேன்.”

பிறகு நீ கல்யாணம் செய்து, புக்கிட் பாஞ்சாங்கில் வீடு வாங்கிக் குடியேறியதும் செய்த முதல் வேலை, அதே டேங்கை ஒரு சாண் நீளத்தில் செய்ததுதான். நான் பூன் லேயிலிருந்து பேருந்து பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். என் தடித்த விரல்களை நீ அதன் பக்கமே விடமாட்டாய். டிராக் மேல்பக்கம் விறைப்பாக நிற்கக் கூடாது, லேசாகத் தொய்ய வேண்டும் என்று எத்தனை நாள் அதோடு மல்லுக்கட்டினாய்! “நிஜ டிராக்குக்கு எடை இருக்கு மச்சான். இது ஜட்டி எலாஸ்டிக் மாதிரி நிக்குது” என்று அலுத்துக்கொள்வாய். கடைசியில், நம்மூர்ச் செம்மண் நிறம் சேர்த்து நீயே கலக்கிய சேற்றுச் சாயத்தைப் பூசி, கண்ணாடி அலமாரியில் வைத்தாய்.

நீ எங்களை விட்டுப் போன பிறகும் அது அங்கேதான் இருந்தது. போன மாதம் உன் மனைவி ரஹ்மத் உம்ரா யாத்திரைக்குப் போயிருந்தார். அந்த வாரம் உன் மகள் ஃபரிதாவும் பேத்தி ஹனாவும் வீட்டைப் பார்த்துக்கொள்ள அங்கே தங்கினார்கள். திங்கட்கிழமை ஃபரிதாவிடமிருந்து போன்.

“சேகர் மாமா, பெரிய ப்ராப்ளம். ஹனா அத்தாவோட டேங்க்க எடுத்து ஹால்ல ஓட்டிருக்கா. டிராக் பிஞ்சு போச்சு. அம்மா வெள்ளிக்கிழமை வந்துருவாங்க. பார்த்தா உடைஞ்சு போயிடுவாங்க மாமா.”

நான் போனபோது ஹனா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை. கால்விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உன் மூக்கு அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது, தெரியுமா?

டிராக் பழைய ரப்பர் வளையம் போல இறுகிப் போயிருந்தது. பசை போட்டு ஒட்டினோம். ஒட்டிய இடம் நின்றது, அதற்குப் பக்கத்து இடம் அறுந்தது. அதையும் ஒட்டினால் இன்னோர் இடம். மெல்ல முழுவதையும் கழற்றினோம். அப்போதுதான் ஃபரிதா நிறுத்தினாள்.

“மாமா, இங்க பாருங்க. யாரோ தைச்சிருக்காங்க.”

மட்கார்டுக்கு அடியில் மறைந்திருந்த பகுதியில் நான்கைந்து சின்னத் தையல்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அத்தா தைத்தாரா என்று அவள் கேட்டாள். சட்டைப் பொத்தானையே ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டு அணிவகுப்புக்கு வந்த ஆள் நீ. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஆனால் வேறு யார் என்றும் புரியவில்லை. அறுந்த துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன்.

மறுநாள் நாம் வழக்கமாகப் போகும் மாடல் கடைக்குப் போனேன். இப்போதெல்லாம் முழுப் பட்டையாக வாங்க வேண்டியதில்லையாம். ஒவ்வொரு கண்ணியாகக் கோத்து மாட்டும் டிராக் வந்திருக்கிறது. போகும் வழியில் தேக்காவில் நாம் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் ஒரு தே குடித்தேன். டீக்கடைக்காரர் உன் சீனியில்லாத தேயையும் சேர்த்துக் கலக்கத் தொடங்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அதையும் போடச் சொல்லி இரண்டையும் நானே குடித்தேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் சாப்பாட்டு மேசையில் அதே வேலை. ஹனா கண்ணிகளை எடுத்துக் கொடுப்பாள், ஃபரிதா கோப்பாள், நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு குறை சொல்வேன். ஒரு கண்ணி குறைந்தால் விறைத்தது. ஒன்று கூடினால் வயிறு தொங்கியது. கடைசியில் நீ விரும்பிய அந்தத் தொய்வு தானாகவே வந்தது, மச்சான். கண்ணி கண்ணியாக இருந்ததால் நிஜ டிராக் போலவே சக்கரத்தின் மேல் சாய்ந்து படுத்தது. நீ பார்த்திருந்தால் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்திருப்பாய். வலது பக்கத்துக்கும் அதையே மாட்டினோம். நீ கலக்கி வைத்த சாயம் பாட்டிலுக்குள் கல்லாகியிருந்ததால் நாங்களே ஏதோ ஒரு சேற்றைக் கலக்கிப் பூசினோம்.

வெள்ளிக்கிழமை ரஹ்மத் வந்தார். பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தார். இளைத்திருந்தார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. அலமாரிப் பக்கம் போனவர் அப்படியே நின்றார்.

“இது அவரு சேறு இல்லயே.”

ஃபரிதா என்னைப் பார்த்தாள், நான் பேரீச்சம்பழத்தைப் பார்த்தேன். ஹனாதான் முன்னால் போய் நின்றாள்.

“நான்தான் பாட்டி உடைச்சேன். சாரி.”

ரஹ்மத் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “அழாத ராஜாத்தி. பாட்டியும் உடைச்சேன்” என்றார்.

உனக்குத் தெரியாமல் உன் வீட்டில் நடந்ததை அப்போதுதான் சொன்னார். ஃபரிதா கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு நோன்புப் பெருநாளுக்கு வீட்டைத் துடைக்கையில் துணி பீரங்கிக் குழலில் மாட்டி, டேங்க் கீழே விழுந்ததாம். டிராக் அறுந்துவிட்டது. நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில், குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தைத்து மாட்டியிருக்கிறார்.

“அவரு அலமாரியத் தொறந்தாலே எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும், அண்ணே. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது.”

நான் பிஸ்கட் டின்னை எடுத்து வந்தேன். அந்தத் தையலை அவர் இன்னொரு முறை பார்க்கட்டும் என்றுதான். ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்துக் காட்டினேன். பார்த்தவர் நிமிரவில்லை.

“அண்ணே, நான் வெள்ளை நூல்லதானே தைச்சேன்? அன்னைக்கு வீட்டுல அதுதான் இருந்துச்சு. மார்க்கர் பேனாவால கறுப்பு பூசினேன்.”

நூலின் மேல் மார்க்கர் கறுப்பு தெரியவில்லை. ஒவ்வொரு தையலின் மேலும், மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்த செம்மண் சேறு இருந்தது. உன் சேறு.

ரஹ்மத் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “பாவி மனுஷன். ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?”

நானும் அதைத்தான் கேட்கிறேன், ஜமால். எப்போது கண்டுபிடித்தாய்? டிராக் கொஞ்சம் மடங்கினாலே ஊரைக் கூட்டுகிறவன், அன்றைக்கு என்ன செய்தாய்? ரஹ்மத் சமையற்கட்டில் இருந்தபோது ஒளிந்து உட்கார்ந்து பூசினாயா? என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை? உன்னோடு இத்தனை வருடம் பழகியும் உன்னில் எனக்குத் தெரியாத ஓர் இடம் இருந்திருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இல்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

பழைய டிராக்கையே திரும்ப மாட்ட முடியுமா என்று ரஹ்மத் கேட்டார். முடியாது, தொட்டாலே பொடிகிறது என்றேன். அவர் முகம் வாடியது. அப்போதுதான் நம் நிஜ டேங்க் நினைவுக்கு வந்தது. வழியில் அறுந்தால் மாற்றுவதற்கு நாலைந்து உபரிக் கண்ணிகளை அதன் முன்பக்கத்தில் மாட்டி வைத்திருப்போமே! தையல் உள்ள துண்டை மட்டும் வெட்டி எடுத்து, எங்கே வைக்கலாம் என்று ரஹ்மத்திடம் கேட்டேன். அவர் விரலால் இடம் காட்டினார், ஃபரிதா ஒட்டினாள். இப்போது உன் டேங்க் அந்தத் தையலை மறைக்கவில்லை. நெஞ்சில் போட்டுக்கொண்டு நிற்கிறது.

அலமாரியைப் பூட்டி வைக்கலாமா என்று ஃபரிதா கேட்டாள். ரஹ்மத் வேண்டாம் என்றுவிட்டார். ஹனா எடுத்து ஓட்டட்டுமாம்.

ஓட்டட்டும், மச்சான். மறுபடி அறுந்தால் நான் வந்து மாட்டிக் கொடுக்கிறேன். என் கண் மங்கினால் ஹனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “தொய்வு பத்தாது, தொய்வு பத்தாது” என்று உன்னைப் போலவே உயிரை எடுக்கிறேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் மனைவிக்கு அண்ணன், உன் பேத்திக்கு இன்னொரு தாத்தா,
என்றும் உன் மச்சான்
சேகர்